அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில்: ஆட்டிசம் உள்ள பிள்ளையை யாரிடம், எப்படி விடுவது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். ஐந்தாறு வார்த்தைதான் பேசுவான். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூங்கமாட்டான். விருதுநகர் மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. கணவருக்குத் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மாமியார் உடன் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. இரண்டு மாதத்தில் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். இவனை யாரிடம் விடுவது? இதற்கு அரசு ஏதாவது செய்கிறதா?

பதில்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தார் சில நாள் மூச்சுவிட்டுக்கொள்ளப் பிள்ளையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) 'சமர்த்–கரோண்டா' என்ற பெயரில் நடத்துகிறது. ஆனால் அதை நடத்தும் இல்லங்கள் மிகக் குறைவு. உங்களுக்கு இருப்பது எட்டு வாரம். அதற்குள் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்து, அதுவும் உங்கள் மகனுக்கு ஒத்துவரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் முதல் ஏற்பாடு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இல்லத்தை இரண்டாவது வழியாகத் தேடி வையுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. அம்மா இல்லை என்பதே அவனுக்குப் பெரிய மாற்றம். அதோடு புது இடம், புது ஆள், புதுச் சாப்பாடு, புதுக் கழிப்பறை எல்லாம் ஒரே நாளில் வந்தால் எந்தப் பிள்ளையும் தாங்காது. வீடும் பாயும் தட்டும் அதேதான், ஆள் மட்டும்தான் வேறு என்றால் தாங்குவான். அந்த ஆளையும் இந்த எட்டு வாரத்தில் தெரிந்த ஆளாக்கிவிடலாம்.

இன்னொன்று. நீங்கள் மூன்று நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆறு வாரம் என்று போடுங்கள். துளை வழி (லேப்ராஸ்கோபி) ஆபரேஷனாக இருந்தாலும் கனமான எதையும் 4 முதல் 6 வாரம் தூக்காதீர்கள் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் மகன் 25 கிலோவுக்கு மேல் இருப்பான். ஓடினால் இழுத்துப் பிடிக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பாசம் வந்தால் வயிற்றின் மேலேயே விழுவான். வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம்தான் ஆஸ்பத்திரி நாட்களைவிடக் கடினமாக இருக்கும். எத்தனை நாள், எவ்வளவு எடை என்று அறுவை மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். "வீட்டில் ஓடுகிற பிள்ளை இருக்கிறான்" என்பதைச் சொல்லியே கேளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சொல்லும் பொதுப் பதில்தான் கிடைக்கும்.

ஆள் தேடுவது

ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் சரிந்துவிடும். அதோடு இரவு விழித்தவர் பகலில் ஓடும் பிள்ளையைக் காவல் காக்கக் கூடாது.

முதல் ஆள் உங்கள் கணவர். ஆபரேஷன் நாளையொட்டிக் குறைந்தது பத்து நாள் விடுப்புக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போவது வேறு, பல் தேய்ப்பதிலிருந்து தூங்க வைப்பதுவரை ஒரு முழு நாளைத் தனியாக ஓட்டுவது வேறு. இந்த எட்டு வாரத்தில் வரும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் அந்த முழு நாளைச் செய்து பழகட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தாலும் திருத்தப் போகாதீர்கள். அவர் செய்கிற முறை உங்கள் முறையாக இருக்காது. ஆபத்து இல்லாதவரை அது தப்பில்லை.

இரண்டாவது ஆளாகச் சம்பளத்துக்கு ஒரு பெண்மணியைப் பாருங்கள். ஓய்வு பெற்ற அங்கன்வாடி உதவியாளர், பள்ளி ஆயா, சிறப்புக் கல்வி படிக்கும் மாணவி, வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒன்றுவிட்ட அக்கா என யாராகவும் இருக்கலாம். படிப்பைவிட முக்கியமானவை இரண்டு: ஓடிப் பிடிக்கும் அளவுக்கு உடம்பில் வலு, பிள்ளை கத்தும்போது பதிலுக்குக் கத்தாத குணம். "இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்று முதல் நாளே சொல்பவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் ஊரில் வீட்டு வேலைக்குத் தரும் கூலியைவிடக் கொஞ்சம் கூட்டி மணிக்கணக்கில் பேசுங்கள். வராத நாளுக்கு எப்படி, இரவு தங்கினால் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சொந்தக்காரர் என்பதற்காகச் சும்மா செய்யச் சொன்னால் மூன்றாவது வாரம் ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவார்.

மாமியாரை ஓடிப் பிடிக்கும் வேலையில் சேர்க்காதீர்கள். அவர் முகம் வீட்டில் இருப்பதே பையனுக்குப் பெரிய ஆறுதல். சாப்பாடு, கதவுச் சாவி, மாத்திரை நேரம் இந்த மூன்றும் அவர் பொறுப்பு.

எட்டு வாரப் பழக்கம்

ஆளைக் கண்டுபிடித்ததும் பெரும்பாலோர் நேராகப் பிள்ளையை ஒப்படைத்துவிடுகிறார்கள். முதல் நாளே அழுகை, கடி, அடி. "இவனை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது" என்று அதோடு முடிவாகிவிடுகிறது. பழக்காமல் விட்டதுதான் பிரச்சினை. பிள்ளையைச் சில நாள் இன்னொருவர் பார்த்துக்கொள்ள, அம்மாவுக்குக் கிடைக்கும் இடைக்கால ஓய்வில் மையமும் பணமும் பாதிதான். மறுபாதி, அம்மா அல்லாத இன்னொருவரிடமும் தான் பத்திரமாக இருக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்வது.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம். உதவிக்கு வரும் அந்தப் பெண்மணி அவனுக்குப் பிடித்ததன் பக்கத்தில் உட்காரட்டும். தண்ணீர் ஊற்றி விளையாடுகிறான் என்றால் அவரும் ஊற்றட்டும். கேள்வி கேட்கக் கூடாது, "இது என்ன, சொல்லு" என்று பாடம் நடத்தக் கூடாது. அவனுக்கு மிகப் பிடித்த ஒரு தின்பண்டத்தை இனி அவர் கையால் மட்டுமே கொடுங்கள். "இவர் வந்தால் நல்லது நடக்கும்" என்பது மட்டும் பதிந்தால் போதும்.

மூன்றாம், நான்காம் வாரம் நீங்கள் சமையலறையில் இருங்கள். பிறகு வாசலைத் தாண்டி 15 நிமிடம், அடுத்து அரை மணி. கிளம்பும்போது சொல்லிவிட்டே கிளம்புங்கள். அழுவானே என்று பின்வாசல் வழியாக நழுவுவது நம் வீடுகளில் வழக்கம். அது பிள்ளைக்கு "அம்மா எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடுவாள்" என்று கற்றுக்கொடுக்கிறது. பிறகு நீங்கள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவான். மூன்று படம் போதும்: உங்கள் புகைப்படம், போகும் இடத்தின் படம், வீட்டுக் கதவின் படம். "அம்மா – கடை – வீடு" என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போய், சொன்ன நேரத்தில் திரும்புங்கள். பின்னர் கடைப் படம் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிப் படம் வரும். வரிசை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஐந்தாம், ஆறாம் வாரம் மூன்று மணி நேரம். அதற்குள் ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு கழிப்பறைச் சுற்றும் கட்டாயம் வர வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வரும், விளையாட்டில் வராது.

ஏழாம் வாரம் ஓர் இரவு ஒத்திகை. கணவரும் அந்தப் பெண்மணியும் வீட்டில். நீங்கள் நடந்து வரும் தூரத்தில் ஓர் உறவினர் வீட்டில். முதல் இரவு நன்றாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரவெல்லாம் விழித்திருந்தாலும் விடியும்வரை யாருக்கும் காயமில்லை, கதவு திறக்கவில்லை என்றால் ஒத்திகை வெற்றிதான். ஏதாவது தடங்கல் வந்தால் ஈடுகட்ட எட்டாம் வாரத்தைக் காலியாக வையுங்கள்.

வீடியோ காலை ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள். சில பிள்ளைகள் அம்மாவைத் திரையில் பார்த்தால் அமைதியாவார்கள். சிலர் அதைப் பார்த்ததும்தான் அழத் தொடங்கி இரண்டு மணி நேரம் நிறுத்தமாட்டார்கள். உங்கள் மகன் எந்த வகை என்பதை ஆபரேஷன் அன்று கண்டுபிடிக்கக் கூடாது.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

உங்கள் தலைக்குள் இருப்பதெல்லாம் ஒரு தாளுக்கு வர வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். "தண்ணீர் பிடிக்கும், சத்தம் பிடிக்காது" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

"'ப்பா' என்றால் அப்பா இல்லை, தண்ணீர். சட்டையை இழுத்தால் ஒன்றுக்கு வருகிறது, உடனே கூட்டிப்போகவும். தயிர்சாதம் தாளிக்காமல், எவர்சில்வர் தட்டில். பக்கத்தில் காய் வைத்தால் தட்டையே தள்ளிவிடுவான். மிக்ஸி போடுமுன் அவனை மாடிக்குக் கூட்டிப்போகவும். கையைக் கடிக்கத் தொடங்கினால் பேச்சைக் குறைத்து, டிவியை நிறுத்தி, மற்றவர்களை வெளியே அனுப்பவும். போர்வை கொடுக்கவும். கட்டிப்பிடிக்க வேண்டாம். 20 நிமிடத்தில் தானாகத் தணிவான்."

கோபத்தில் இருக்கும் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து அழுத்தக் கூடாது; மூச்சு நின்றுவிடலாம். இதைச் சிவப்பு எழுத்தில் எழுதுங்கள்.

மருந்து ஏதாவது கொடுத்தால் பெயர், எவ்வளவு (மாத்திரை என்றால் மில்லிகிராம், சிரப் என்றால் மில்லிலிட்டர்), எந்த நேரம் என்று எழுதி, கொடுத்ததும் கையெழுத்துப் போட ஒரு கட்டம் வரையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. வலிப்பு எப்போதாவது வந்திருந்தால் அதற்குத் தனிப் பத்தி: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மணி பார்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவியோ இரும்போ கொடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108. வலிப்பே வந்ததில்லை என்றாலும் இதை எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வளரிளம் பருவத்தில் முதல் முறை வருவதும் உண்டு.

ஓடும் பிள்ளை என்பதால் இன்னும் கொஞ்சம். தாழ்ப்பாளை அவன் கை எட்டாத உயரத்தில் போடுங்கள். ஆனால் தீ விபத்து என்றால் பெரியவர்கள் சட்டெனத் திறக்கும்படி இருக்க வேண்டும். உள்ளே பூட்டிவிட்டுச் சாவியைத் தேடும் நிலை வரக் கூடாது. கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள், அட்டை மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவான். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கண்மாய், திறந்த கிணறு, பம்புசெட் தொட்டி எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். இப்படி ஓடும் பிள்ளைகளில் பலர் தண்ணீரை நோக்கியே போகிறார்கள். காணவில்லை என்றால் தெருவில் தேடுவதற்கு முன் தண்ணீரை நோக்கி ஓட வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். பக்கத்து ஐந்து வீடுகளுக்கும் மூலைக் கடைக்காரருக்கும் அவன் புகைப்படத்தைக் காட்டி, "தனியாகப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

இரவு

ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். தூங்காத உடம்போடு போனால் தேறுவது தாமதமாகும். கணவர் இருக்கும் இரண்டு இரவுகளிலாவது இரவைப் பாதியாகப் பிரியுங்கள்: பத்திலிருந்து இரண்டு ஒருவர், இரண்டிலிருந்து ஆறு மற்றவர். காவல் இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். ஒரே அறையில் படுத்துக்கொண்டு "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு" என்றால் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

அவன் இரண்டு மணிக்கு விழிப்பதற்கும் காரணம் தேடுங்கள். மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, மாலைத் தூக்கம், படுக்கும் வரை செல்போன், இவை அடிக்கடி தென்படும் காரணங்கள். மலச்சிக்கலைப் பேசாத பிள்ளை சொல்லமாட்டான், இரவில் எழுந்து நடப்பான். குழந்தை மருத்துவரிடம் கேட்டு ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கலாம். மெலடோனின் போன்ற தூக்க மருந்துகளை மருத்துவர் அளவு சொல்லித்தான் கொடுக்க வேண்டும், கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தங்கும் இடம் தேடினால்

இரண்டாவது வழிக்கு வருகிறேன். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அல்லது அதற்குப் பக்கத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும். அங்கே போய், "ஆட்டிசம் உள்ள 9 வயதுப் பையனைச் சில நாள் மட்டும் தங்கவைக்கும் பதிவு பெற்ற இல்லம் நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் எவை?" என்று எழுதியே கேளுங்கள். 'சில நாள் மட்டும்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நம்மூரில் உள்ள இல்லங்கள் பெரும்பாலும் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள். நீங்கள் கேட்பதை "பிள்ளையைச் சேர்த்துவிட வந்திருக்கிறார்" என்று புரிந்துகொண்டு அதற்கான படிவத்தை நீட்டுவார்கள். தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற அமைப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் மாவட்ட வாரியாக இருக்கும். அதையும் பாருங்கள். பழைய குறிப்புகளில் சமர்த், கரோண்டா என்று இரண்டு திட்டமாக இருப்பவை இப்போது ஒரே தங்குமிடத் திட்டமாக இணைக்கப்பட்டுள்ளன. பகல்நேரப் பராமரிப்புக்கான திஷா, விகாஸ் இரண்டும் அப்படித்தான்.

இடத்தைப் பார்க்கப் போனால் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி பதிவில்லாமல் இப்படி ஓர் இல்லத்தை நடத்தக் கூடாது. பிறகு பகல் கேள்விகளைவிட இரவுக் கேள்விகளைக் கேளுங்கள். இரவில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? விழித்திருக்கிறார்களா, படுத்திருக்கிறார்களா? பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே அறையிலா? குளிப்பாட்டுவது யார், அப்போது இன்னொருவர் பார்வையில் இருப்பாரா? மாத்திரைப் பதிவேட்டைக் காட்டுவீர்களா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா?

ஆபீஸ் அறையைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள் என்றால் திரும்பிவிடுங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் மந்தமாகப் படுத்திருந்தால் மருந்து கொடுத்து அடக்குகிறார்களோ என்று சந்தேகியுங்கள். "பழகும்வரை ஒரு மாதம் பெற்றோர் வரக்கூடாது" என்பது நல்ல இடத்தின் பேச்சு அல்ல. வாய் பேசாத பிள்ளை வீட்டுக்கு வந்து எதையும் சொல்லமாட்டான் என்பதை இப்படிப்பட்டவர்கள் நன்றாக அறிவார்கள். திரும்பி வந்ததும் உடம்பு முழுவதையும் பாருங்கள். திடீரெனக் குளிக்க மறுப்பது, ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, மறந்திருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, இவற்றைச் சாதாரணமாக விடாதீர்கள். சந்தேகம் என்றால் சிறார் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் போக்சோ சட்டம் பேசாத பிள்ளைக்கும் உண்டு.

நல்ல இடமாகத் தெரிந்தாலும் இரண்டு மணி நேரம், அரை நாள், ஓர் இரவு என்ற வரிசையிலேயே விடுங்கள். சுவரில் ஒட்டிய தாளின் நகல், அவன் தலையணை உறை (துவைக்காமல்), தட்டு, போர்வை எல்லாம் கூடவே போகட்டும்.

"பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள்" என்று ஊரில் பேசுவார்கள் என்ற பயம் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருப்பது தெரிகிறது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. சில நாள் தங்கவைப்பதால் உங்கள் உரிமையில் ஒரு துளியும் குறையாது. திரும்பி அழைத்துக்கொள்ளும் தேதியை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

பகல் நேரங்களைச் சேர்ப்பது

ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் அவன் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்கு மருந்து. பள்ளிக்குப் போகிறான் என்றால் அந்த வாரங்களில் எதற்காகவும் நிறுத்தாதீர்கள். "அம்மா இல்லை, கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. பள்ளிக்குப் போகவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே சிறப்பாசிரியர் இருப்பார், கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் உண்டு. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் அருகில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். இந்தச் சில வாரங்களுக்கு மட்டும் உங்களுக்குப் பதில் அந்த உதவிப் பெண்மணி உட்காரட்டும் என்று சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

மாநில அரசின் உரிமைகள் திட்டத்தின்கீழ் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. தெரபி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் திறந்திருக்கிறதா என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே சென்று பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. உங்களுக்கு மிகத் தொலைவும் இல்லை. போய்வர, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

அட்டை, பணம்

இதில் எதற்கும் முதலில் கேட்பது யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை. இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். அரசுப் படிவங்கள் சிலவற்றில் ஆட்டிசம் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இருக்கும், தேடிக் குழம்ப வேண்டாம். அட்டைக்கான மருத்துவ முகாமில் ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 70-க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பார்க்கும் மருத்துவர் முன் பிள்ளை அமைதியாக உட்கார்ந்துவிட்டால் மதிப்பெண் குறையும். அதனால் ஓடுவது, கையைக் கடிப்பது, இரவில் நடப்பது என மூன்று நான்கு சிறு வீடியோக்களைச் செல்போனில் வைத்துக்கொண்டு, காட்டிப் பேசுங்கள். பள்ளி அறிக்கை, தெரபிஸ்ட் அறிக்கை இரண்டையும் எடுத்துப் போங்கள்.

அறிவுசார் குறைபாடும் இருந்தால் அதையும் தனியாகச் சோதித்துச் சான்றிதழில் பதியச் சொல்லுங்கள். மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அந்தப் பதிவு உதவும். உதவித்தொகை மனு மாதக்கணக்கில் கிடப்பில் இருந்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு எண்ணோடு கலெக்டரிடம் கொடுங்கள்.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முன்பரிசோதனை கிடையாது. பதிவுக் கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். பதிவு பெற்ற அமைப்பு மூலமாக விண்ணப்பிக்கலாம். தெரபிச் செலவையும் திரும்பப் பெறலாம் என்பதே இதன் பெரிய நன்மை. ஆனால் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க வேண்டும். பில் அசலாக, தெரபிஸ்ட்டின் பதிவு எண்ணோடு, மருத்துவர் சீட்டோடு இருக்க வேண்டும். துண்டுத் தாளில் "தெரபி 400" என்று எழுதித் தந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மார்ச் 31-க்குள் புதுப்பிக்க மறந்து விட்டுவிடுபவர்கள் நிறைய. வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தை இந்தக் காப்பீடு தராது. அதற்கு உங்கள் கைப்பணம்தான், அல்லது அந்த உதவித்தொகை. தீவிர ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவதை 2016 சட்டம் குறிப்பிடுகிறது. நல அலுவலகத்துக்குப் போகும்போது அதையும் எழுத்தில் கேளுங்கள்.

கணவர் வரி கட்டுபவர் என்றால் பழைய வரி முறையில் 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. ஆட்டிசத்துக்கு வருமானவரித் துறையின் அதற்கான படிவத்தில் மருத்துவர் சான்று வேண்டும்.

திரும்பி வரும் நாள்

முடிந்தால் நீங்கள் வீடு திரும்பும் நேரம் அவன் பள்ளியிலோ வெளியிலோ இருக்கும்படி பாருங்கள். நீங்கள் கட்டிலில் சாய்ந்து, வயிற்றின் மேல் தலையணை வைத்துக்கொண்ட பிறகு அவன் வரட்டும். "அம்மா வயிறு – மெதுவாக" என்று ஒரு பொம்மையின் வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டி ஒரு வாரம் முன்பே விளையாட்டாகக் காட்டியிருந்தால் நல்லது. படுக்கை தனியாக இருக்கட்டும். இரவில் உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் கணவர் படுக்கட்டும். உங்களைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம், இரண்டு நாள் கிட்டே வராமலும் இருக்கலாம். மறந்துவிட்டான் என்று கலங்க வேண்டாம். பழைய ஒழுங்கு திரும்பிவிட்டதா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் மனம் மிகவும் தளர்ந்தால் 14416-ல் டெலி மானஸ் எனும் அரசு மனநல ஆலோசனை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், பணம் இல்லை. தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் அந்தப் பெண்மணியை நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு பாடுபட்டுப் பழக்கியது மூன்று மாதத்தில் மறைந்துபோகும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, மூன்று மணி நேரம் போதும். பணம் கட்டுப்படியாகவில்லை என்றால் வட்டார வள மையத்தில் இதே நிலையில் உள்ள இன்னொரு அம்மாவைத் தேடுங்கள். ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளும் உங்கள் வீட்டில், அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில். முதல் நான்கு முறை இரண்டு அம்மாக்களும் உடன் இருங்கள். இரண்டு வீட்டுக் கதவிலும் மணி கட்டுங்கள், இரண்டு தாளும் சுவரில் இருக்கட்டும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஓடும் பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்க்கக் கூடாது. உங்கள் மகனும் அந்தப் பிள்ளையும் இருவருமே ஓடுபவர்கள் என்றால், உங்கள் கணவரோ அவர் கணவரோ கூட இருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள்.